உண்ணி மருந்தும் ஒரு குடம் தண்ணியும்

எங்கள் நாய்க்குக் காது, கழுத்து, கால் இடுக்கு எல்லாம் உண்ணி. ஆண்டர்சன்பேட்டைக் கடையில் மருந்து வாங்கினேன். "ஒரு வாளி தண்ணிக்கு ஒரு மூடி, கலக்கி மேல ஊத்துங்க" என்றார் கடைக்காரர்.

ஒரு வாளியாம்! முந்தின நாள்தான் எங்கள் நந்திதுர்க் லைன் வீடுகளுக்குத் தண்ணி லாரி வந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு குடம் கூடப் பிடித்தார் என்று நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டு, நாலு குடத்தோடு திரும்பியிருந்தேன். அதை நாய்க்கு ஊற்ற எனக்கென்ன பைத்தியமா?

தேங்காய் எண்ணெய் இருந்தது. முட்டிவலிக்கு நான் எண்ணெய்தான் தேய்ப்பேன்; நல்லா ஊறும். அரைக் கிண்ணம் எண்ணெயில் ஒரு மூடி மருந்தைக் குழைத்து, சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நாய் தள்ளாடியது. வாந்தி எடுத்தது. அப்படியே சாய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் பெங்களூரு ரயிலில் போய்விட்டார். மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டேன்.

"எண்ணெயிலயா? ஐயோ! உண்ணி மேலதானேம்மா இருக்கு? மருந்தும் மேலயே நிக்கணும். தண்ணில கரைச்சா கொஞ்சமா மேலயே நிக்கும். நீங்க வாளிக்கு வேண்டியதைக் கிண்ணத்துல போட்டு, எண்ணெயோட தோலுக்குள்ள அனுப்பிட்டீங்க. சோப்பு போட்டு எண்ணெய் பிசுக்கு போறவரை கழுவி, உடனே தூக்கினு வாங்க."

ஊறணும் ஊறணும் என்று தேய்த்தேனே, பாவி! நாலு குடமும் காலி. பிசுக்கு போகவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் வைத்து ஓவென்று அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? உசுரு கீது இல்ல?" பக்கத்து வீட்டு அக்கா. இடுப்பில் குடம். "நேத்து நீ சண்டை போட்ட குடந்தான். ஊத்து, நான் தேய்க்கிறேன்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. ஊற்றினேன்.

ஊசி, மருந்து எல்லாம் முடிந்து, மறுநாள்தான் நாய் தன் காலால் நடந்து வந்தது. ஆசையாகக் கையை நீட்டினேன். என் விரலில் இன்னும் அந்த எண்ணெய் வாசனை. மோந்து பார்த்துவிட்டு, நேரே அக்கா வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது.