பழைய டிஸ்க்கில் கிடந்த முதல் அடி

இன்று காலை திருச்செங்கோட்டில் உள்ள என் வீடியோ கடைக்கு ஓர் அக்கா தன் வீட்டுக்காரரையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

தம்பியின் கல்யாணத்தில் ஆண்கள் இருவரும் அடித்துக்கொண்டதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம். முதலில் அடித்தவர் மன்னிப்புக் கேட்டால்தான் தாய்மாமன் சீர் வருமாம்.

"மாலையும் கழுத்துமா நின்னவனை அறைஞ்சாருங்க," என்றார் தம்பி.

"என்ற பொடனில முதல்ல போட்டவன் நீ. பொய் சொன்னா பல்லு கழண்டுரும்," என்றார் வீட்டுக்காரர்.

அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் நான்தான்; அது பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடந்தது. அதன் பட்டை ஒயரைச் செருக என் புதுக் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. கன்வெர்ட்டர் தேடி மாட்டுவதற்குள் இருவரும் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். மானிட்டர் கவிழ்ந்தது. தம்பி மூக்கில் ரத்தம்.

மானிட்டரை நிமிர்த்தி ஓட்டினேன். வீட்டுக்காரர் பிடரியில் பின்னாலிருந்து ஓங்கி ஓர் அடி விழுகிறது. அடித்த கையில் வளையல். அவர் திரும்பி, பக்கத்தில் நின்ற தம்பியை அறைகிறார்.

கடையில் இருவரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"ஆமா, நாந்தான். குடிச்சுப்போட்டு மேடையில ஆடுனா கொஞ்சுவாங்களா? இத்தன நாள்ல ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களா?" என்றவர், ஆளுக்கோர் அறை விட்டார்.

அதன்பிறகு மன்னிப்பை யாரும் கேட்கவில்லை; சீர் உறுதியாகிவிட்டது. வீடியோ ஆர்டரும் எனக்கே. ஹெல்மெட் போட்டுக் கேமரா பிடித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.