அம்மனிடம் கேட்டு வாங்கிய பூக் கேள்வி

“…ஒரு தடவைகூட இல்லையா? பதினோரு வருஷமா கோயிலுக்குப் பூக் கட்டுறீங்க, ஒரு பூவைக்கூட மூக்குகிட்ட வச்சுப் பார்த்ததில்லையா?”

இப்படிக் கேட்டவர் ஒரு சீன அம்மா. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. இடம், ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வு அறை. அவர் என்னைச் சோதிக்க வந்த அதிகாரி. மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் கேட்டார், நானும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னேன். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

என் பெயர் சரசு. நம் தாமான் குடியிருப்பு மாரியம்மன் கோயிலில் வியாழக்கிழமை சாயங்காலம் பூக் கட்டும் பெண்களில் ஒருத்தி. உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பார்க்காவிட்டாலும் என் குரலைக் கேட்டிருப்பீர்கள். அம்மன் எனக்குச் செய்ததை எழுதித் தரும்படி கோயில் ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். பேசச் சொன்னால் சுலபமாக இருந்திருக்கும்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு உதவியாளராக வேலை செய்கிறேன். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, நடக்கப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. அதைவிட அவர்கள் பேசுவதைக் கேட்பதும் பதிலுக்குப் பேசுவதும்தான் எனக்கு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் சொல்லும் வார்த்தைகளை நான் சேர்த்து வைப்பேன். மூவாரில் நாற்காலி, கட்டில் செய்யும் ஒரு பெரியவர், அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இந்தக் கட்டில எந்தப் பய செஞ்சான், கால் ஆடுதே.” தன் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு இரண்டாவது கவலை. இப்படிப்பட்ட ஆட்களோடு பேசிப் பேசித்தான் மலாய், கொஞ்சம் சீனம், உடைந்த ஆங்கிலம் எல்லாம் கற்றேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நின்றவள் நான்.

போன வருஷம் ஒரு புது விதி வந்தது. வெளிநாட்டு நோயாளிகள் நிறைய வருகிறார்கள், அதனால் வார்டில் நிற்பவர்கள் எல்லாரும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. தேறாதவர்களை வேலையை விட்டு நீக்க மாட்டார்கள், ஆனால் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைப் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு எட்டு இயந்திரங்கள். அவை போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடப் பேச முடியாது. சம்பளம் அதேதான். ஆனால் மனித முகமே இல்லாத இடத்தில் நாள் முழுக்க நான் என்ன செய்வேன்?

என் கணவர் மணியம் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். அவர் ஆறுதல் சொன்ன விதம் இது: “உன்ன நெனச்சு எனக்குக் கவல இல்ல. அந்த மெஷினுங்கள நெனச்சாதான் பாவமா இருக்கு.”

முதல் தேர்வில் என் ஊரைப் பற்றிக் கேட்டார்கள். ரெங்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பேர் மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. வார்டில் ‘ஸ்லோலி அங்கிள், லெஃப்ட் லெக் ஃபர்ஸ்ட்’ என்று பாடுகிற வாய், அந்த அறையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தேர்வுக்குக் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்து போனேன். பாதியில் நிறுத்தி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். எனக்கு எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து மறுபடி ஒப்பித்தேன். தாளில் ‘மனப்பாடம்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அன்று உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்யும் அய்னி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மலாய்க்காரப் பெண், முதல் தடவையிலேயே தேறியவள். என்னைக் ‘கக்’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். மலாயில் சொன்னாள், “அழாத கக். பன்னெண்டு தலைப்பு இருக்கு, அதுலதான் ஏதாவது வரும். நான் எழுதித் தரேன்.” எழுதியும் தந்தாள். பன்னிரண்டில் மிகச் சின்னது பூ. எட்டே வரி. “நீ கோயிலுக்குப் போறவன்னு கோயிலையும் சேத்துட்டேன்,” என்றாள் சந்தோஷமாக.

என் மண்டைக்குள் அந்த எட்டு வரி மட்டும்தான் ஏறியது. மற்ற பதினொன்றும் வழுக்கிக்கொண்டு போயின. தேர்வுக்கு மூன்று வெள்ளிக்கிழமை இருந்தது. ஆடி மாதம் வேறு. மூன்று வெள்ளியும் அம்மன் முன்னால் நின்று ஒரே கோரிக்கை வைத்தேன்: “அம்மா, எனக்குப் பூக் கேள்வி வரணும். வேற எதையும் அனுப்பிடாத.”

வீட்டில் சொன்னபோது மணியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “கேள்வித்தாள எந்த அலமாரியில வச்சிருக்காங்கன்னு அம்மனுக்கு அட்ரஸ் குடுத்தியா?”

“கிண்டல் பண்ணாதீங்க. அவளுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

தேர்வு மூன்றாவது வெள்ளி மதியம். காலையில் முதல் நாள் கட்டிய மல்லிகைச் சரத்தைத் தட்டில் வைத்து நானே சன்னிதிக்குக் கொண்டுபோனேன். அலங்காரம் ஆகும்வரை நின்று பார்த்துவிட்டு, அப்படியே பேருந்து ஏறினேன்.

அறைக்குள் அந்தச் சீன அம்மா பேரைக் கேட்டார், வேலையைக் கேட்டார். பிறகு ஓர் அட்டையைத் திருப்பி வைத்தார். தயார் செய்ய ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். அட்டையைப் பார்த்தேன்.

உங்களுக்குப் பிடித்த ஒரு பூவைப் பற்றிப் பேசுங்கள்.

கண் கலங்கியது. கேட்டதைக் கேட்டபடி அம்மன் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு நிமிடம் நான் தயார் செய்யவே இல்லை, அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்த பூ ரோஜா. என் வீட்டுத் தோட்டத்தில் நிறைய ரோஜாச் செடிகள் இருக்கின்றன. எங்கள் வீடு அடுக்குமாடியில் மூன்றாம் மாடி, தோட்டமாவது ஒன்றாவது. ஆனாலும் நாக்குத் தடுமாறவில்லை. தினமும் காலையில் நான் தோட்டத்துக்குப் போவேன். நன்றாகப் போகிறது. அடுத்த வரி, அய்னி ஆசையாகச் சேர்த்த கோயில் வரி: ஒவ்வொரு பூவையும் ஆழமாக முகர்ந்து பார்த்துவிட்டு, அதைப் பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோவேன்.

‘முகர்ந்து’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

மூன்று வாரம் அந்த வரியை ஒப்பித்திருக்கிறேன். சமைக்கும்போது, குளிக்கும்போது, பேருந்தில். வெறும் ஒலியாகத்தான் அது உள்ளே போயிருக்கிறது. என்ன சொல்கிறேன் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. அங்கே, அந்த நாற்காலியில்தான் அர்த்தம் புரிந்தது. அய்னிமேல் தப்பில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? சாமிக்கு வைக்கப் போகிற பூவை நாம் முகர்வோமா? காலையில் என் கையாலே கொண்டுபோய் வைத்த சரம் இந்த நேரத்திலும் அவள் கழுத்தில் கிடக்கிறது. அதை முகர்ந்துவிட்டுத்தான் வைத்தேன் என்று இங்கே உட்கார்ந்து சொன்னால், அந்தச் சரமே எச்சிலாகிவிடும் போல இருந்தது எனக்கு. இல்லாத தோட்டத்தைச் சொன்ன வாய்க்கு இது மட்டும் வரவில்லை. ஏன் என்று எனக்கே இன்னும் ஆச்சரியம்.

கருவியில் நொடிகள் ஓடுவது தெரிந்தது. அந்த அம்மா பேனாவைத் தாளில் வைத்தார். ‘மனப்பாடம்’ என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். சலவை இயந்திரங்களின் சத்தம் காதில் கேட்கவே ஆரம்பித்துவிட்டது. ‘அம்மா, கேள்வியைக் கொடுத்துவிட்டு வாயைப் பிடுங்கிக்கொண்டாயே’ என்று உள்ளுக்குள் கத்தினேன்.

பிறகு என்னை அறியாமல் வந்தது. “சாரி மேடம். அது உண்மை இல்ல. நான் பூவை முகர மாட்டேன்.”

அவர் நிமிர்ந்தார். “ஏன்? உடம்புக்கு ஒத்துக்காதா?”

“இல்ல மேடம். பூ சாமிக்கு. சாமிதான் ஃபர்ஸ்ட். நான் முதல்ல முகர்ந்துட்டா, சாமிக்கு நான் பாதி சாப்பிட்ட சாப்பாட்டக் குடுக்கிற மாதிரி.”

அப்போதுதான் அவர் கேட்டார், நான் முதலில் எழுதிய கேள்வியை. ஒரு தடவைகூட இல்லையா என்று. அதில் குற்றம் பிடிக்கும் தொனி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் முகம் அது. வார்டில் எத்தனை முகம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

என் வாய் திறந்துகொண்டது. முதல் வியாழக்கிழமை தெரியாமல் ஒரு மல்லிகையை மூக்கு வரை தூக்கினேன், எதிரில் பூக் கட்டிக்கொண்டிருந்த பார்வதி அக்கா பார்த்த ஒரு பார்வையில் கீழே வைத்துவிட்டேன் என்று சொன்னேன். யாரும் பாடம் எடுக்கவில்லை, மற்றவர்கள் கையைப் பார்த்துக் கற்றேன் என்றேன். தரையில் விழுந்த பூவைச் சரத்தில் சேர்க்க மாட்டோம் என்றேன். இறந்தகாலம் எது, நிகழ்காலம் எது என்று பார்க்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி, நூலில் முடிச்சுப் போட்டுக் காட்டி, வார்டில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

“ஆனா மல்லிகை வாசனை தானா வருமே, அதுக்கு என்ன செய்வீங்க?”

“காத்து கொண்டுவந்தா தப்பு இல்ல மேடம். நான் தேடிப் போகக் கூடாது.”

அவர் சிரித்தார். “சமையலும் இப்படித்தானா?”

“சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்வோம். ருசி பார்க்க மாட்டோம்.”

“இனிப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது மேடம். சில வருஷம் கம்மியா இருக்கும். சாமி இதுவரைக்கும் கம்ப்ளெய்ன் பண்ணல.”

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்விகள் எதுவும் அவர் கையிலிருந்த தாளில் இல்லை என்பதைக்கூட நான் பிறகுதான் கவனித்தேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. தேறிவிட்டேன். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை, வார்டில் நிற்கப் போதும். அய்னி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “என் எட்டு வரி வேல செஞ்சுச்சு பாத்தியா கக்,” என்றாள். ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதானே. மணியத்திடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, “உன் வாய மூட நான் இருபது வருஷமா பாடுபட்டேன். அம்மன் ஒரே வார்த்தையில மூடிட்டாளே,” என்றார். அந்த வெள்ளிக்கிழமை சொல்லாமலேயே என்னோடு கோயிலுக்குக் கிளம்பினார்.

அன்பர்களே, நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அம்மன் எனக்குச் செய்தது எது? பூக் கேள்வியைக் கொடுத்ததா? அந்தப் பூவோடு நான் தனியாகப் போயிருந்தால், எட்டு வரியை ஒப்பித்து மறுபடி தோற்றிருப்பேன். அவள் என்னை நிறுத்தினாள். பொய்யைத் தொண்டையில் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த பேச்சை வெளியே விட்டாள். நான் கேட்டதையும் கொடுத்தாள், கேட்கத் தெரியாததையும் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் சன்னிதியில் நின்றால் அவளுக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பதில்லை. கஷ்டத்தைச் சொல்வேன், பிறகு என்ன செய்யப் போகிறாள் என்று ஆவலோடு காத்திருப்பேன். நீங்களும் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி நின்று பாருங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கை காலியாக இருந்தால் பூக் கட்டவும் வாருங்கள். பூவை ஏன் முகர்வதில்லை என்று எங்கள் குழுவில் ஐந்து பேரிடம் கேட்டேன், ஐந்து பதில் வந்தது. ஆறாவது உங்களிடம் இருக்கலாம்.

அந்த அறையில் கடைசியாக நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மா கருவியை நிறுத்தினார். நான் எழுந்துகொண்டேன். “கொஞ்சம் இருங்க,” என்று மலாயில் சொன்னார். “சாமிக்குப் போட்டு முடிஞ்ச பிறகு? அப்ப முகரலாமா?”

“அப்ப முகரலாம். அது எங்களுக்குச் சாமி திருப்பிக் குடுக்கிறது.”

“நீங்க முகர்ந்திருக்கீங்களா?”

யோசித்தேன். பூசாரி கொடுப்பார், தலையில் சொருகிக்கொண்டு வேலைக்கு ஓடுவேன். பதினோரு வருஷமாக அவ்வளவுதான். “நேரம் இல்ல,” என்றேன்.

காலையில் வாங்கிய பிரசாத மல்லிகை கொஞ்சம் வாழையிலைத் துண்டில் மடித்துக் கைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். வெளியே அடுத்த ஆள் காத்திருப்பது தெரிந்து, எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் முகர்ந்தார். பிறகு அந்த இலையை இரண்டு கைகளாலும் ஏந்தி, என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து பிடித்தார்.