போன் ஒன்று, வயிறு எட்டு

மட்டாஞ்சேரியில் எங்கள் கோயிலில் பத்து நாள் நடக்கும் அன்னதானத்துக்கு நான்தான் சமையல். போன வருடம் சோறு போதாமல் இருபது பேர் பசியோடு திரும்பினார்கள். அதனால் இந்த வருடம், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஷங்கர், சாப்பிட வருகிறவர்கள் முன்னாடியே பதிந்துவைக்க ஒரு ஆப் செய்ய வந்தார். பத்து நாளுக்கும் சேர்த்துத் திட்டம் கேட்டது கமிட்டி.

"முதல் நாளுக்கு மட்டும் செய்யறேன். பாக்கியை அன்னிக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

முதல் நாள் கொத்தனார் இசக்கிதுரை தன் ஒருவர் பேரை மட்டும் பதிந்திருந்தார். அவர்கூட ஏழு பேர் வந்து நின்றார்கள்.

"எங்க ரூமுக்கு போன் ஒண்ணு, வயிறு எட்டு சேட்டா" என்றார் இசக்கிதுரை, ஷங்கரிடம்.

நான் மறுபடி உலை வைத்தேன்.

"நல்லவேளை அக்கா, பத்து நாளைக்கும் எழுதி முடிக்கலை" என்று ஷங்கர் அடுப்படியிலேயே உட்கார்ந்து, ஆப்பில் 'எத்தனை பேர்' என்று ஒரு கட்டம் சேர்த்தார்.

கடைசி நாள்வரை ஒருவரும் பசியோடு திரும்பவில்லை. விளக்கேற்றும்போது ஷங்கர் பேரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.