பதினாறாவது குழியில் இறங்கிய பனி

நான் கோல்ஃப் கற்றுக்கொண்டது ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் பணியாளர் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். எங்கள் கொரிய இயக்குநருடன் ஞாயிறுதோறும் ஆடிக்கொண்டிருந்த இன்னொரு கொரியர் ஊர் திரும்பிவிட, துணைக்கு ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார். மறுக்கத் தோன்றவில்லை. ஒரகடம் பக்கம் வலை கட்டிய ஒரு பயிற்சித் திடல் இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். வெயிலில் நின்று வலையைப் பார்த்து அடித்தே ஒரு வருஷம் பழகினேன். பிறகு ஞாயிறுகளில் மைதானத்தில் அவரோடு ஆடினேன்; எந்த ஆட்டத்திலும் அவரை ஜெயித்ததில்லை.

ஒருமுறை அவர், "மலையில் ஆடிப் பார்க்கலாம், வருகிறீர்களா?" என்று கேட்டார். ஊட்டிக்கு மேலே ஒரு விடுதி, அதை ஒட்டிப் பதினெட்டுக் குழி மைதானம். வெள்ளி காலை கிளம்பி, சனிக்கிழமை ஆடிவிட்டு, மதியமே புறப்பட்டால் நள்ளிரவுக்குள் ஊர் வந்துவிடலாம் என்று திட்டம். காரை ஓட்ட மண்ணூர்க்காரரான எங்கள் டிரைவரைத்தான் இயக்குநர் கேட்டார். மலைப்பாதையில் வேறு யாரையும் அவர் நம்பமாட்டார்.

டிரைவர் என் அறைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"சார், ஞாயித்துக்கெழம எங்கூட்டுப் பொண்ணுக்கு நிச்சயம். காலைல பத்தரைக்கித் தட்டு மாத்துறோம்."

"சனிக்கிழமை ராத்திரியே வந்துடுவோம்ப்பா."

"வந்துடுவோமா சார்?"

"நான் இருக்கேன் இல்ல?"

இயக்குநரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அப்போது அதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. இரவே வந்துவிடப் போகிறோம், எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை அந்த மைதானத்தில் இறங்கியபோது, புல்லில் படிந்திருந்த ஈரம் காலணிக்குள் ஏறியது. முதல் பந்தை அடித்தேன். கீழே சமவெளியில் அதே அடிக்கு எங்கே விழுமோ, அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மலையில் காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும் என்று இயக்குநர் சொன்னார். சொன்னாரே தவிர அவர் கை பழைய கணக்கிலேயே அடித்தது. அவருடைய பந்துகள் குழியைத் தாண்டி யூகலிப்டஸ் மரங்களுக்குள் போய் விழுந்தன. என்னுடையது எப்போதும் குறைவாகப் போகிற அடி. அந்தக் குறையை மலை நிரப்பிவிட்டது. பதினைந்து குழி முடிந்தபோது நான் அவரைவிட இரண்டு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தேன். இந்த ஆட்டத்தில் குறைந்த தடவை அடித்தவன்தான் ஜெயித்தவன்.

அந்த மகிழ்ச்சியை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. படிப்பிலும் வேலையிலும் நான் எங்கும் முதலாக வந்தவனில்லை. சரியாக நடந்துகொண்டவன், அவ்வளவுதான். அன்று என் உடம்பு முழுவதும் ஒரு சிறுபிள்ளை துள்ளிக்கொண்டிருந்தான்.

பதினாறாவது குழியில் பனி இறங்கியது. முதலில் குழியில் நட்ட கொடி மறைந்தது, அப்புறம் மரங்கள், அப்புறம் பத்தடி தள்ளி நின்ற இயக்குநர். மட்டைப் பையைச் சுமந்து வந்த உள்ளூர்க்காரர், "இது இன்னிக்கு விலகாதுங்க" என்றார். விடுதியின் கூடத்தில் தேநீரோடு காத்திருந்தோம். மணி ஒன்றானது.

இயக்குநர் என்னைக் கேட்டார்: "மீதி மூன்று குழியை நாளை காலை முடித்துவிட்டுப் போகலாமா? உங்களுக்கோ டிரைவருக்கோ ஊரில் வேலை இருந்தால் வேண்டாம், இப்போதே கிளம்புவோம்."

அவர் உண்மையாகவே கேட்டார். மகளுக்கு நிச்சயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பார். அவருக்கும் மகள் இருந்தாள். டிரைவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காருக்கு உள்ளூர் ஆள் ஒருவரை அமர்த்தியிருக்கலாம். அதுவும் எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஆனால் எதைச் செய்தாலும் அவரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

"யாருக்கும் ஒரு வேலையும் இல்லை" என்றேன்.

டிரைவர் காரைத் துடைத்து, பெட்டிகளை ஏற்றித் தயாராக வைத்திருந்தார்.

"சார், இப்போ கெளம்புனாத்தான் சரியா இருக்கும்."

"ஆட்டத்தை முடிக்காம கிளம்ப மாட்டேன்னு டைரக்டர் சொல்றாருப்பா."

"நிச்சயம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவர் கையிலிருந்த துணியை உதறி மடித்தார். "அவுங்க நாட்டுல பொண்ணு கட்டிக் குடுக்க மாட்டாங்களா சார்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க இன்னா பண்ணுவீங்க, மேல கீறவன் சொன்னா" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, பெட்டிகளை மறுபடி இறக்கினார்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பதினேழாவதில் ஒரு அடியை இழந்தேன். கடைசிக் குழியில் என் பந்து ஒரு முழம் தள்ளி நின்றது. அதைத் தட்டிவிட்டால் வெற்றி. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். நெருங்கி நிற்கும் பந்தை எதிராளி "ஓகே" என்று விட்டுக்கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்புறம் அடிக்க வேண்டியதில்லை, விழுந்ததாகவே கணக்கு. இயக்குநர் என்னைப் பார்த்துவிட்டு "ஓகே" என்றார். பந்தைத் தானே குனிந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

மலையிறங்கும்போது டிரைவர் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தி, "ரெண்டு நிமிஷம் சார்" என்று இறங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசினார். என்ன என்று இயக்குநர் கேட்டார். வீட்டில் மகளோடு பேசுகிறார் என்றேன்.

"மகள் நலமா?"

"நலம்."

அதற்குப் பிறகு டிரைவர்கள் நடுவில் அந்த இயக்குநருக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது: பெண்ணின் நிச்சயத்துக்கு அப்பனை விடாத கொரியாக்காரன். அவர் எதுவும் தெரியாமலே கொரியாவுக்குத் திரும்பிப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன்.

போன வருஷம் அந்த டிரைவர் பத்திரிகையோடு வந்தார். பேத்திக்குக் காதுகுத்து, வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை வீட்டில். தலை நரைத்திருந்தது. கம்பெனி பஸ் ஓட்டுவதாகச் சொன்னார். காபி கொடுத்து, "சம்பந்தி வீட்டார் எல்லாரும் நல்லபடியா இருக்காங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "மாப்ளயோட அப்பாவுக்கு எங்க அண்ணன்தான் சார் சம்மந்தி. நான் வெறும் டிரைவரு."

"ஏன்?"

"அன்னிக்கித் தட்டு மாத்துனது அண்ணந்தான? மாப்ள கான்ட்ராக்ட் வேலையில கீறாருன்னு எனக்கு இஷ்டமில்ல, அதான் ஊட்டிக்கி ஓடிட்டேன்னு நெனச்சிகினாங்க. மொதலாளி உடலன்னு எவ்ளோ சொல்லியும் நம்பல. கேவலம் ஒரு பந்து ஆட்டத்துக்கு எவனாச்சும் அப்படிப் பண்ணுவானான்னு கேட்டாங்க. பொண்ணுதான் பாவம், ரொம்ப நாளு பேச்சு வாங்குச்சி."

இத்தனை வருஷமும் அது ஒரு நாளோடு போன வருத்தம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது முடியவே இல்லை என்று தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். இயக்குநர் கேட்டதையும், நான் மறைத்ததையும், நான் முன்னால் இருந்ததையும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது.

"அந்த ஆள நான் எத்தினி வாட்டி திட்டியிருப்பேன்" என்றார். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். நீங்க என்றே பேசிக்கொண்டிருந்தவர் அப்போது ஒருமைக்கு மாறினார். "இத என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம் சார்? வாலாஜாபாத்துக்கு வா. அங்க வந்து சொல்லு."

போனேன். பந்தல் போட்ட வாசலில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். டிராக்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், பருத்த மனிதர். பக்கத்து நாற்காலியில் டிரைவரின் அண்ணன். டிரைவர் தள்ளி, தண்ணீர்க் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். பந்தலில் இருந்தவர்கள் நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"இன்னா ஆட்டம் அது?" என்றார் சம்பந்தி.

"கோல்ஃப்."

"குச்சில தட்டி குழில உடுவாங்களே, அதுவா?"

"அதுதான்."

"ஜெயிச்சீங்களா?"

"ஒரு அடியில."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பி, "இன்னா சம்மந்தி, அங்க போயி கேன் தூக்கினு கீற? இப்படி வா" என்றார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். நீங்கதான் நம்பல."

"மொதலாளின்னு சொன்ன. படிச்ச மனுசன் இப்படிப் பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து, "அப்போ இத்தினி நாளு நான் இந்தச் சீட்ட சும்மா புடிச்சி வெச்சினு இருந்தனா?" என்றதும் பந்தலே சிரித்தது. சீர்த்தட்டைக் கொடுக்கும் நேரம் வந்தபோது டிரைவர்தான் கொடுத்தார். சம்பந்தி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த மகளை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எல்லாவற்றையும் உள்வாசலில் நின்று கேட்டிருந்தாள். பந்தியில் எனக்குச் சோறு வைக்க வந்தபோது, "நிச்சயத்து போட்டோவுல எல்லாத்துலயும் என் கண்ணு வீங்கிகினு கீது சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னாள்.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் சோற்றை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் டிரைவர் சாம்பார் வாளியோடு வந்தார். நின்றார். நான் சோற்றில் குழி செய்துகொண்டேன். அதில் ஊற்றிவிட்டு நகர்ந்தார்.