வலிக்குமோ என்றார் டாக்டர்

வலிப்பதை நிறுத்தினால்தான் வைத்தியம் பார்ப்பேன் என்று சொன்ன டாக்டர் ஒருவரை எனக்குத் தெரியும். கதை கட்டவில்லை. எழுபதுகளில், என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இது. இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் கம்பத்திலிருந்து மலையேறி, கேரளாவில் சக்குபள்ளம் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். நான் காய் எடுக்கப் போவேன். அவருக்கு ஸ்டோரில் வேலை. பச்சைக் காயை உலர்த்துகிற அறைக்கு விறகு போட்டு, சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டை, தலைமுடி, போர்வை எல்லாம் புகைவாடை அடிக்கும். தோட்டத்தில் சுற்றிலும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். எனக்குக் கடையில் அரிசி கேட்கும் அளவுக்கு மலையாளம் தெரியும். அவருக்கு அதுவும் கிடையாது. யார் என்ன சொன்னாலும் தமிழ் மாதிரிக் காதில் விழுந்ததை வைத்துத் தலையாட்டிவிட்டு வருவார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி கண்டது. காய்ச்சல் வருவதும் போவதுமாக ஆள் பாதியாகிவிட்டார். தோட்டத்துக் கம்பவுண்டர் எங்கள் ஊர்க்காரர். எதையும் பூசி மெழுகத் தெரியாதவர். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஈரல்ல கட்டி இருக்கு தாயி. கீழ மலையாளத்துப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நீள ஊசியக் குத்தி உள்ள இருக்கறத உறிஞ்சி எடுப்பாக. சீழ் வந்தா மாத்திரையிலயே சரியாப் போகும். ரத்தம் வந்தா புத்துநோய்தான். அப்புறம் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு."

வீட்டுக்காரரிடம் ஊசி என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவரோ, காலில் முள் தைத்தால் எடுப்பதற்கு நான் ஊக்கை நீட்டினாலே அலறுகிற ஆள். பஸ்ஸில் கீழே இறங்கும் வரைக்கும் ஒரே கேள்விதான்: "மயக்க ஊசி போட்டுட்டுத்தான குத்துவாக?" வளைவுக்கு வளைவு கேட்டார். நானும் போடுவாக, போடுவாக என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் சீட்டு வாங்க வரிசையில் நிற்க, அவர் மட்டும் டாக்டர் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"வலிக்குமோன்னாரு. ரொம்ப வலிக்கும்யா, ராத்திரிதான் சாஸ்தின்னேன். ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேட்டாரு. பத்துப் பன்னெண்டு தடவ வலிக்கும்னேன். அவருக்குக் கோவம் வந்திருச்சு."

"அதுக்கு எதுக்குக் கோவம்?"

"வலிக்கறத இன்னையோட நிப்பாட்டணுமாம். நிப்பாட்டுனாத்தான் வைத்தியமாம்."

"நிப்பாட்ட முடிஞ்சா நாம எதுக்கு இம்புட்டுத் தூரம் வாரோம்?"

"அதத்தான் நானும் சொன்னேன், என்னால முடியலய்யான்னு. மனசு வச்சா முடியும்கிறாரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இவரெல்லாம் எங்கே படித்து டாக்டரானார் என்று வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி திட்டினேன். நல்லவேளை, ஒருவருக்கும் புரியவில்லை. கட்டில் கொடுத்துப் படுக்கவைத்தார்கள்.

மறுநாள் டாக்டர் வந்தார். கடற்கரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவராம், தமிழ் தெரியாதாம். கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர். குனிந்து பார்த்தவர் போர்வை வாடையை மோந்து முகம் சுளித்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார், நானும் இதற்கு உடந்தை என்பதுபோல. "வலி நிர்த்தியோ?" என்றார்.

என் வீட்டுக்காரர் திட்டுக்குப் பயந்துகொண்டு, "கொஞ்சம் கொறைச்சிருக்கேன்யா" என்றார்.

"குறச்சால் போரா", குறைத்தால் போதாது என்று அதட்டிவிட்டுப் போனார் டாக்டர். பிறகு நர்ஸ் வந்து பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். நாளைக் காலையில் ஊசி. குத்துகிற இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். மயக்க ஊசி கிடையாது. இவர் நெஞ்சு தாங்காது.

அவ்வளவுதான், இவர் எழுந்து உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். "எது இருந்தாலும் உள்ளயே கெடக்கட்டும். முழிச்சுக்கிட்டு இருக்கும்போது என்னால குத்து வாங்க முடியாது. ஊருக்குப் போவோம்." நான் கெஞ்சினேன், அதட்டினேன். ஊருக்குப் போ என்று கம்பவுண்டர் எதற்குச் சொன்னார் என்பது எனக்கல்லவா தெரியும். சீழா ரத்தமா என்று பார்க்காமல் இவரை எப்படிக் கூட்டிப்போவேன்? விடியட்டும் என்று சொல்லி பையைப் பிடுங்கி என் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

காலையில் அதே நர்ஸ் வந்தாள். வந்தவள் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், சட்டைப் பையைத் துழாவினாள், என் பையிலும் கையை விட்டாள்.

"என்னம்மா தேடுற?" என்றேன்.

அவள் இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். "பீடி."

"யாருக்குப் பீடி? இவரு வெத்தலகூடப் போட மாட்டாரு."

"இவர் தன்னே டாக்டர்கிட்ட சொன்னது அக்கா, பத்து பன்னிரண்டு வலிக்கும்னு. இவ்வளவு வலிக்குந்ந ஆளுக்கு மயக்க ஊசி போட்டா ஸ்வாசம் முட்டும்."

எனக்குப் பொறி தட்டியது. "வலிக்கிறதுன்னா உங்க ஊருல என்ன?"

மறுபடியும் உதட்டில் விரலை வைத்துப் புகையை இழுத்துக் காட்டினாள். "உங்க ஊருல?"

அவள் கையைப் பிடித்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன். "அய்யோ" என்று துள்ளினாள்.

"இதுதாண்டி எங்க ஊருல."

கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அவர்கள் பேச்சில் வலிப்பது என்றால் இழுப்பது. பீடியை இழுத்தாலும் அதுதான், மூச்சை இழுத்தாலும் அதுதான். டாக்டர் வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "பீடி?" என்று கேட்டார். இவர் "சீச்சீ" என்று காதைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். வார்த்தை புரியாவிட்டாலும், மனது கஷ்டப்பட்டுச் சொல்கிறார் என்று தெரிந்தது. என் கோபம் பெரும்பாலும் போய்விட்டது.

மயக்க ஊசி போட்டார்கள். முழுத் தூக்கம் கிடையாது, அரைமயக்கம்தான். மூச்சை அடக்கு என்றதும் அடக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஊசி உள்ளே போகும். மூச்சு விட்டால் ஈரல் அசைந்துவிடுமாம். எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் ஊசி போடும் அறை வாசலில் நிற்க வைத்தார்கள். உள்ளே இவர் ராஜாவாகிவிட்டார். நர்ஸைப் பார்த்து "மாப்பிள்ள பாத்தாச்சாம்மா?" என்றார். மேலே சுற்றுகிற விசிறியிடம் நலம் விசாரித்தார்.

டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். அவசரத்தில் அவருக்குப் பழைய வார்த்தைதான் வந்தது. "வலிக்கூ."

"வலிக்கலய்யா" என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக.

"வலிக்கூ. வலிச்சு பிடிக்கூ."

"நெசமாத்தான்யா சொல்றேன். துளிகூட வலிக்கல."

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. என்னால் பொறுக்க முடியவில்லை. "மூச்ச இழுத்துப் பிடிய்யா" என்று வாசலிலிருந்தே ஒரு அதட்டுப் போட்டேன். டக்கென்று அவர் மூச்சு நின்றது. என் அதட்டலுக்குப் பழகிய உடம்பு அவருக்கு. ஊசி உள்ளே போனது.

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்துவிட்டேன். கண்ணாடிக் குழாயில் ஏறியது வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது. உள்ளேயே கிடந்து கெட்டுப்போன ரத்தம் என்று நினைத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் முகத்துணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பழுப்பு. பழுப்பாணு."

போன கோபம் முழுதும் திரும்பி வந்தது. "பழுப்புன்னு எனக்கும் கண்ணு தெரியுது. நெறத்த யாரு கேட்டா? அது என்னன்னு சொல்லுங்க."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கையை இழுத்துக்கொண்டாள், மறுபடியும் கிள்ளுவேன் என்று பயம். பிறகு தன் தாடையில் பழுத்திருந்த பரு ஒன்றை இரண்டு விரலால் அமுக்கிக் காட்டினாள். "இதுக்குள்ள உள்ளது அக்கா. அதுதான் பழுப்பு."

"சீழா?"

"ஆ, அது தன்னே. சீழ்."

அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து அவர் குழறிக்கொண்டே கேட்டார், "ஏ புள்ள, ஏன் அழுகுற? வலிக்குதா?"

"இல்லய்யா" என்றேன். "வலிக்கல."