நரியின் மேல் இருந்த மண்

நாய்க்குட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஹார்ம் ஓடிவிட்டான் என்று சொல்கிறவர்கள் என் எதிரில் வந்து சொல்லட்டும். என் மகன் டீர்க் அவனைத் துரத்திவிட்டான் என்கிறார்களே, அதுவும் இல்லை. அவன் போன அன்று அந்த மேசையில் தேநீர் ஊற்றியவள் நான். ஊரெல்லாம் கதை சொல்லித் திரிகிற பக்கத்துப் பண்ணை எல்ஸ்கே ஊற்றவில்லை.

ஹார்ம் எங்களிடம் மாடு கறந்தவன். கல்யாணம் இல்லை, உறவென்று யாரும் இல்லை. கொட்டகையை ஒட்டிய அறை அவனுடையது, சாப்பாடு எங்கள் மேசையில். வேட்டைநாய்ச் சங்கம் அவனை நடுவர்களில் ஒருவனாக வைத்திருந்தது.

பிர்கா டீர்க்கின் பெட்டை நாய். முடி கம்பி மாதிரி, முகத்தில் தாடி. குளத்தில் விழுந்த வாத்தை எடுத்துவரும், வயலில் கவுதாரி இருந்தால் அசையாமல் நின்று காட்டும், அடிபட்ட மானை ரத்தத்தை வைத்தே தேடிப் போகும். ஒரு வேலை மட்டும் தெரிந்த நாய்க்கு எங்கள் பக்கம் மதிப்பில்லை. இலையுதிர்காலத் தேர்வில் எல்லாவற்றையும் செய்து காட்டினால்தான் அதன் குட்டிக்கு நல்ல வம்சம் என்று சங்கம் தாள் கொடுக்கும். டீர்க்குக்கு அவசரம். பிறக்காத குட்டிகளுக்கு ஊரெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

தேர்வில் நரிதான் கடினம். செத்த நரியைக் கயிறு கட்டிக் காட்டுக்குள் இழுத்துப்போய்ப் போடுவார்கள். நாய் தனியாக மோப்பம் பிடித்துப் போய் அதைக் கவ்விவர வேண்டும். இழுத்துப்போன நடுவர் அங்கேயே புதருக்குப் பின்னால் மறைந்து நிற்பார். நாய் அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்று அங்கே நின்றது ஹார்ம்.

நான் பட்டாணிச் சூப்புப் பானையோடு வண்டியருகே இருந்தேன். பிர்கா நரியைக் கவ்விக்கொண்டு வந்து டீர்க் முன்னால் உட்கார்ந்தது. நரியின் மேல் மண். டீர்க் குனிந்து, கட்டைவிரலால் நாயின் மூக்கைத் துடைத்தான்.

ஹார்ம் மரங்களுக்குள்ளிருந்து வந்தான்.

"எப்படி?" என்று மூத்த நடுவர் கேட்டார்.

"குழி தோண்டிப் புதைச்சுது. மூக்கால மண்ணைத் தள்ளி மூடிச்சு. கொஞ்சம் நின்னுச்சு. அப்புறம் தோண்டி எடுத்துக்கிட்டு வந்துச்சு."

"கொண்டுவந்துச்சுல்ல?" என்றான் டீர்க்.

"புதைச்சுட்டுக் கொண்டுவந்துச்சு."

புதைக்கிற நாயைக் குழிவெட்டி என்பார்கள். அடிபட்ட முயலை அது எங்கே போட்டு மூடும் என்று யாருக்குத் தெரியும். பிர்காவுக்குத் தேர்வு அத்தோடு முடிந்தது, அதன் வயிற்றில் பிறக்கிற குட்டிகளுக்குத் தாளும் இல்லை என்றாகிவிட்டது. தேறியவர்கள் தொப்பியில் செருக, நாய்க்கு ஒன்றாகப் பைன் கொத்து வெட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் மேசையில் ஒன்று மிஞ்சியது. நான் எடுத்து அடுப்பில் போட்டேன்.

அந்தக் குளிர்காலம் வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. உருளைக்கிழங்கைத் தள்ளு, கதவைச் சாத்து, அவ்வளவுதான் பேச்சு. ஹார்ம் பால் கறந்தான். பிர்கா எப்போதும்போல அவன் காலடியில் படுத்தது.

வசந்தத்தில் டீர்க் தாள் இல்லாமலே பிர்காவுக்குக் குட்டி எடுத்தான். ஊரில் வாக்கு வாங்கியவர்கள் ஒருவரும் வரவில்லை. "யாராச்சும் கேட்டா அன்னிக்கு மூடுபனி, சரியாத் தெரியலன்னு சொல்லு" என்றான் ஹார்மிடம். "வேற ஒண்ணும் சொல்ல வேணாம்." ஹார்ம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

தெற்கே காப்பி குடிக்கிற ஊரிலிருந்து ரேம்ட் என்ற வனக்காவலர் குட்டி வாங்க வந்தார். நான் எங்கள் வழக்கப்படி கெட்டியாகத் தேநீர் ஊற்றினேன்.

"இதுல குதிரையை நிறுத்தினாலும் முழுகாது போல, பெரியம்மா."

"உங்க ஊர்ல கோப்பையோட அடி தெரியுமே. அதைக் குடிச்சுப் பழகிட்டீங்க."

அவர் சிரித்தார். மடியில் ஒரு குட்டி தூங்கியது. பிறகு ஹார்மைப் பார்த்து, "புதருக்குப் பின்னால நின்னது நீங்கதானாமே. அன்னிக்குப் பனியாமே?" என்றார்.

டீர்க் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பனி இல்ல" என்றான் ஹார்ம். "புதைச்சுது."

ரேம்ட் குட்டியைக் கூடையில் விட்டார். தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

டீர்க் கத்தவில்லை. "உன் ரூமை யாரும் கேக்கல. இங்கயே இரு. ஆனா குட்டி பாக்க ஆள் வந்தா, இனிமே கொட்டகையில இருந்துக்கோ. அவங்க போனப்புறம் சாப்பிட வா."

நான் கெட்டிலை எடுத்தேன். எங்கள் பக்கம் மூன்று கோப்பை முறை. போதும் என்று வாயால் சொல்வதில்லை, கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிடுவார்கள். ஹார்ம் முதல் கோப்பையிலேயே கரண்டியை வைத்தான்.

"என்னப்பா இது?" என்றேன்.

"போதும் பெரியம்மா."

எழுந்து ஆணியிலிருந்து கோட்டை எடுத்தான்.

"சாயங்காலம் மாடு கறக்கணும்" என்றான் டீர்க்.

"உனக்குத்தான் கறக்கத் தெரியுமே."

பிர்கா எழுந்து ஹார்ம் பின்னால் போனது. "இரு" என்றான். உட்கார்ந்தது. அதில் அது எப்போதும் முழு மதிப்பெண்.

கோட்டுக்கு அவன் பொத்தான் போடவில்லை. இரண்டு பக்கமும் திறந்து தொங்கியது. உள்ளே சட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியே கதவைத் திறந்துகொண்டு போனான்.