கடைசி முடிச்சு

சித்தி, இன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில அம்மாகூட நீங்கதான் இருக்கப் போறீங்கன்னு அக்கா சொன்னா. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். இது கனவு இல்ல. வெயில்ல சுத்தி மயக்கம் வந்த கேஸும் இல்ல. நேத்து, பட்டப்பகல்ல, கூட பதினாறு பேர் இருக்கும்போது நடந்தது. கிளம்புறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிடுங்க.

இன்னிக்குக் காலையில அம்மாவுக்கு ஆபரேஷன். இவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்? நம்மாளுங்க பஸ் ஒண்ணு நேத்து பழைய நகரத்துக்குப் போகுதுன்னு கேள்விப்பட்டு, லாண்டரியில ஒரு நாள் லீவு கெஞ்சி வாங்கி ஏறிட்டேன். மதிலுக்குள்ள மூணு புனித இடம். கடைசி இடம் பூமிக்கு அடியில இருக்கிற ஒரு குகைக் கோயில். அங்க போய் வேண்டிக்கிட்டா போற உசிரும் நிக்கும்னு சொல்வாங்க.

கூட்டிட்டுப் போன வழிகாட்டி நம்ம பாஷைக்காரர்தான். முப்பது வருஷமா இதே வேலை. வாசல்லயே எல்லார் போனையும் ஒரு பெட்டியில வாங்கிப் பூட்டிட்டார். உள்ள ஒரே இருட்டு, அவர் கையில மட்டும் சின்ன விளக்கு. அதனால ஒரு நீளக் கயிறு, ஆளுக்கு ஒரு முடிச்சு. பதினேழு பேர்னா பதினேழு முடிச்சு, அவரே எண்ணிப் போட்டார். அவர் முன்னாடியிலேருந்து ரெண்டு தடவை இழுப்பார். கடைசி ஆள் பதிலுக்கு ரெண்டு தடவை இழுக்கணும். எல்லாரும் இருக்கோம்னு அர்த்தம். உள்ள யாரும் பேசவே கூடாது, வேண்டுறதும் மனசுக்குள்ளதான்னு திரும்பத் திரும்பச் சொன்னார்.

கடைசி முடிச்சு எனக்கு. எனக்கு முன்னாடி ஒரு சமையல்கார அக்கா, பஸ்ல அவங்க பேரே ரேடியோ. பேசக் கூடாதுன்னதும் என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் உள்ள செத்துப் போனா வாயை மூடினதுதான் காரணம்னு எழுதிக்கோ"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் இறங்கினோம்.

மணி மூணு நாப்பது.

அறுபத்திரெண்டு படி. எண்ணினேன். முன்னாடி வெறுங்கால் சத்தம். சர்ர்... சர்ர்... எனக்குப் பின்னாடியும் ஒண்ணு கேட்டுச்சு. எதிரொலின்னு நினைச்சு நின்னு பார்த்தேன். அது இன்னும் ரெண்டு அடி வச்சு... அப்புறம்தான் நின்னுச்சு.

என் முடிச்சுக்கு அப்புறம் ஒரு முழம் கயிறு சும்மா தொங்கணும். தொங்கல. விறைப்பா இருந்துச்சு.

சித்தி, நாள் முழுக்க ஈரத்துணி தூக்குற கை இது. ஈரம் எந்தப் பக்கத்துலேருந்து ஏறுதுன்னு தொட்டாலே தெரியும். கயிறு பின்னாடியிலேருந்து நனைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

வாட்ச்ல பச்சை முள்ளைப் பார்த்தேன். மூணு அம்பத்திரெண்டு.

முன்னாடியிலேருந்து ரெண்டு இழுப்பு வந்துச்சு. பதிலுக்கு நான் இழுக்கணும்... கை வரல.

என் கையைத் தாண்டி, பின்னாடியிலேருந்து, ரெண்டு இழுப்பு போச்சு.

வரிசை நகர்ந்துடுச்சு.

சன்னதிக் கல்லுல எல்லாரும் நெத்தியை வச்சுட்டு நகர்ந்தாங்க. கடைசியா நான் குனிஞ்சேன். காதுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு குரல். நம்ம பாஷை.

"யாருக்கு?"

பேசக் கூடாதுன்னு தெரியும். ஆனா கேக்கறது சாமியா இருந்தா? நான் வாயை மூடிக்கிட்டு இருந்து, அம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டா? நம்ம வீட்டுப் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, சாமிகிட்டயும் விலாசத்தோட வேண்டுவோம். சொல்லிட்டேன். எங்க அம்மாவுக்கு, பெரிய ஆஸ்பத்திரி, மூணாவது மாடி, பதினொண்ணாம் கட்டில்னு.

"கூட யாரு?"

"அக்கா இருக்கா. நான்தான் இல்ல."

"நான் இருக்கேன்."

கயிறு தொய்ஞ்சு போச்சு.

மேல வந்தப்ப மணி நாலே கால். வழிகாட்டி கயிறைச் சுருட்டிக்கிட்டே முடிச்சை எண்ணினார். பதினேழு... அவர் விரல் நிக்கல. என் முடிச்சுக்கு அப்புறம் இன்னொரு முடிச்சு. சொட்டச் சொட்ட ஈரம்.

என்னையே பார்த்தார். "உள்ள பேசினியா?"

"இல்லண்ணே."

பொய் சொன்னேன், சித்தி. அவர் அந்த முடிச்சை மட்டும் அவிழ்த்தார்.

இன்னிக்கு அங்க மணி பதினொண்ணு பத்து இருக்கும், அக்கா போன் பண்ணினா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம். ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவ சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னா. "கண்ணு முழிச்சதும் அம்மா உன்னையும் தேடல, என்னையும் தேடலடா. கால்மாட்டைக் காட்டி, 'நேத்து சாயங்காலத்துலேருந்து அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கு, ஒரு நாற்காலி போடுடி'ங்கிறாங்க."

மயக்க மருந்து பேசுதுன்னு அக்கா நினைக்கிறா. ஆனா அம்மாவுக்கு மயக்க மருந்து குடுத்ததே இன்னிக்குக் காலையிலதானே...

அம்மா மனசு ஆறட்டும்னு அக்கா ஒரு நாற்காலியைப் போட்டுட்டாளாம்.

சித்தி... ராத்திரி நீங்க அதுல உக்காராதீங்க.